செல்வி வீட்டுப் பூட்டு

போன ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. போவது பந்திக்கு. நீங்களும் அப்படித்தானே?

முதல் பந்தியிலேயே இடம் பிடித்துவிட்டேன். எனக்கு எதிர் வரிசையில் ஒரு அம்மா, அவர் புருஷன், நடுவில் அவர்கள் மகள். பத்து வயதுக்கு மேல் இருக்கும். ஆனால் உயரம் போதாது. உருண்டையான முகம், சின்னக் கைகள். அந்த அம்மாவுக்கு அடுத்த இலையில், கை நிறைய வளையலோடு இன்னொரு அம்மா. இவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் பந்திக்கு ஒருவர் இப்படி வந்து உட்கார்வது உண்டு. எந்த இலையில் எது குறைகிறது என்று பார்த்துச் சொல்வதற்கென்றே பிறந்தவர்கள்.

லட்டு வந்தது. பரிமாறுகிறவர் பிள்ளையின் இலைக்குக் குனிந்தார். அம்மாக்காரி சட்டென்று இலைக்கு மேல் கையை விரித்தார்.

“இந்த இலைக்கு வேண்டாம்ணே. வடையும் வேண்டாம், அப்பளமும் வேண்டாம். எங்க மூணு இலைக்கும் வேண்டாம்.”

பிள்ளையின் கண் லட்டு வாளியோடு வரிசையின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வளையல் அம்மாவுக்குப் பொறுக்குமா?

“அட என்னம்மா இது… கல்யாண வீட்டுல பிள்ளைக்கு ஒரு லட்டு கூடாதா?” என்று தன் இலையிலிருந்த லட்டை எடுத்து அந்தப் பிள்ளையின் இலையில் வைக்கப் போனார்.

அம்மாக்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அத்தனை பேர் முன்னால்!

பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார். வரிசையே திரும்பிப் பார்த்தது. வளையல் அம்மா கையை உதறிக்கொண்டு கேட்டார், “ஏம்மா, நீ பெத்தவளா… இல்ல சித்தியா?”

அம்மாக்காரி தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தப் பிள்ளை கையை நீட்டி, அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பிடித்து ஒரு இழு இழுத்தது.

“பாருங்க, பாருங்க! பசி தாங்காம சாவியைப் பிடுங்குது பச்சப்பிள்ள” என்றார் வளையல் அம்மா. வரிசை முழுக்க ‘உச்’ கொட்டியது.

நான் கொட்டவில்லை. காரணம், அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தலை நிற்காத கதையும் தெரியும், அது தின்று தின்று சாகக் கிடந்த கதையும் தெரியும். ஆனால் ஒரு விஷயம் எனக்கும் தெரியாமல் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியில் ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸில் எனக்கு வேலை. கல்யாணம் ஆகவில்லை. வேலாயுதம் அண்ணாச்சி வீட்டு மாடியில் ஒரு ரூம் வாடகைக்குக் கிடைத்தது. அண்ணாச்சிக்குக் கடலை மிட்டாய் வியாபாரம். முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை. காலையில் கடலை வறுக்கிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்து என்னை எழுப்பும். கொஞ்ச நேரத்தில் வெல்லப் பாகு. என் சட்டை, துண்டு, தலையணை எல்லாம் அதே வாசனை. மில் ஆபீஸில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “மிட்டாய் வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

அண்ணாச்சிக்கு எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலில் அவர் அதிகமாகக் கேட்ட கேள்வி, “சாப்பிட்டாச்சா?” தபால்காரர், கரண்ட் பில் எடுக்க வருகிறவர், கடன் கேட்டு வந்தவர்… யாரானாலும் முதலில் ஒரு கட்டி மிட்டாய் கைக்கு வந்துவிடும். அவர் மனைவி கோமதி மதினி நேர் எதிர். பேச்சு குறைவு, பார்வை அதிகம்.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து அவர்களுக்குப் பிறந்தவள் செல்வி. பிறந்தபோது அழக்கூட இல்லையாம். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். தோளில் போட்டால் நனைந்த துணி மாதிரி அப்படியே கிடப்பாளாம். மார்பில் வைத்தால் உறிஞ்சத் தெம்பு இல்லை. பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டு, விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மதினி. இது தேறாது என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் வராந்தாவிலேயே முடிவு செய்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அண்ணாச்சி ஒரு நேர்ச்சை நேர்ந்தார். நாகலாபுரம் பக்கம் அவர்கள் குலசாமி. “தாயே, எம்பிள்ள வாயைத் திறந்து ஒரு வாய் திங்கட்டும். அவ எடைக்கு எடை மிட்டாய் கொண்டாந்து ஒம் வாசல்ல கொட்டுதேன்.”

சாமி கேட்டதோ என்னவோ… ரெண்டு வயது தாண்டியதும் செல்வி சாப்பிட ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

நான் குடிவந்தபோது அவளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடுகிற வயதில்தான் நடக்க ஆரம்பித்திருந்தாள். பேச்சும் ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தை. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. சாகக் கிடந்த பிள்ளை சாப்பிடுகிறதே! அதற்கு மேல் என்ன வேண்டும்?

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைய முதல் பாகு பலகையில் ஆறி, தேய்த்து, வெட்டியதும் முதல் கட்டி பிள்ளையார் படத்துக்கு. செல்வி வந்த பிறகு பிள்ளையாருக்கு ரெண்டாவது இடம். முதல் கட்டி அவள் வாய்க்கு. “எம்பிள்ள வாய் வச்சா அன்னைக்கு சரக்கு தங்காது தம்பி” என்பார் அண்ணாச்சி. தற்செயலோ என்னவோ, வியாபாரமும் ஏறிக்கொண்டிருந்தது. கடலை உடைக்கிற பெண்கள் ஆளுக்கொரு பிடி கொடுப்பார்கள். தெருவில் அவள் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரு முறுக்கு, ஒரு இட்லி. குண்டாக இருக்கிறாள் என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கண் பட்டுவிடுமாம். கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு வைத்து அந்தப் பேச்சுக்குக் கதவடைத்திருந்தார்கள்.

அந்த வருஷம்தான் நேர்ச்சையை நிறைவேற்றினார்கள். நானும் போயிருந்தேன். கரிசல் காட்டு நடுவில் சின்னக் கோயில். வேம்பில் தராசு கட்டி, ஒரு தட்டில் செல்வி. மறு தட்டில் மிட்டாய் அடுக்க அடுக்க அந்தத் தட்டு இறங்கவே மாட்டேன் என்றது. கொண்டு வந்த பெட்டிகள் காலி. டவுனுக்கு ஆள் அனுப்பி இன்னும் பெட்டிகள் வரவழைத்தார்கள்.

“போடுலே! இன்னும் போடு! எம்பிள்ள என்ன லேசுப்பட்டவளா?” அண்ணாச்சி சந்தோஷத்தில் அழுதுவிட்டார். தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்த செல்வி எதிர்த் தட்டு மிட்டாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மதினி செல்வியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

*

அப்புறம் ஒரு நாள் மத்தியானம்… சாப்பிட வந்திருந்தேன். பின்கட்டிலிருந்து மதினியின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மாட்டுத் தொட்டிக்கு முன்னால் செல்வி உட்கார்ந்திருக்கிறாள். ஊறவைத்த பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாய் நிறைய. முழங்கை வரைக்கும் வழிகிறது. பக்கத்தில் மாடு தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். “கடலைப் புண்ணாக்குதான? நம்ம சரக்குதான் கோமதி!”

மதினி சிரிக்கவில்லை. பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டு என்னிடம் சொன்னார். “சித்த முன்னாலதான் தம்பி ரெண்டு தட்டுச் சோறு தின்னா. பசிச்சாத் திங்கும் பிள்ள. திங்கத் திங்கப் பசிக்குதுன்னா அது என்ன பசி?”

உள்ளூரில் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வாரம் பச்சரிசியைத் தின்றாள். கையில் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொண்டாள். சாப்பாட்டை எடுத்து வைத்தால் தரையில் புரண்டு ஒரு மணி நேரம் கத்தினாள். மதினி பிடித்த பிடியில் நின்றார், “மதுரைக்குக் கொண்டு போயே ஆகணும்.” மதுரை எனக்குச் சொந்த ஊர். வழித்துணை நான்.

ரயிலில் மணியாச்சிப் பக்கம் இருந்து வந்த ஒரு கூட்டம் பொட்டலம் பிரித்தது. செல்வி போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். “ஏட்டி, வா வா” என்று அவர்களும் ஊட்டினார்கள். நம் ஊரில் ஒரு குழந்தை சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர்கள் தனியாகத் தின்றுவிட முடியுமா? மதினி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மதுரையில் குழந்தைகளுக்கான டாக்டரம்மா. வயது ஐம்பதுக்கு மேல். செல்வியின் கையை எடுத்து விரலை விரித்துப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். “எடை பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

அண்ணாச்சிக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? துலாபாரக் கதையை ஆரம்பித்து, தட்டு இறங்காததையும் ஆள் ஓடியதையும் நடித்தே காட்டினார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

“பிறந்தப்ப எப்படி இருந்தா? பால் குடிச்சாளா?”

“எங்க குடிச்சா? துணி மாதிரி கிடந்தா. செத்துருவான்னே சொல்லிட்டாவ. இப்பப் பாருங்க டாக்டரம்மா!” அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“அந்தச் சீக்கு குணமாகித்தான் இந்தப் பசி வந்திருக்குன்னு நினைச்சுட்டீங்க. அப்படியில்லை. அன்னைக்குப் பால் குடிக்காததும் இன்னைக்கு அடங்காமத் திங்கிறதும் ஒரே வியாதிதான். முதல்ல அந்த முகம் காட்டும், அப்புறம் இந்த முகம் காட்டும்.”

பிரேடர்-வில்லி என்று ஒரு பெயர் சொன்னார். அண்ணாச்சி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். கரு உண்டாகும்போதே அமைந்துவிடுகிற சமாச்சாரமாம். நமக்கெல்லாம் வயிறு நிறைந்தால் மூளைக்குள் ஏதோ ஒன்று ‘போதும்’ என்று சொல்கிறதே, அது இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லாதாம். எவ்வளவு தின்றாலும் பசிதான். ‘போதும்’ என்ற சேதி வராமலே வயிறு ரொம்பிவிடும். வாந்திகூட லேசில் வராது. வளர்த்தியும் குறைவு, படிப்பும் பேச்சும் மெதுவாகத்தான் வரும். இப்படியே விட்டால் எடை ஏறி, மூச்சுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து.

மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அத்தை மகன்னு இவியளைக் கட்டுனதாலயா டாக்டர்?”

“இல்லம்மா. சொந்தத்துல கட்டாதவங்களுக்கும் வருது. நீ சாப்பிட்டதாலயோ சாப்பிடாததாலயோ வந்தது இல்லை. யாரு மேலயும் குத்தம் இல்லை.”

அத்தனை வருஷமும் அழாத மதினி அங்கேதான் அழுதார். இந்தக் கேள்வியைப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் பாவம்.

“மருந்து?” என்றார் அண்ணாச்சி.

“மருந்து இல்லைங்க. அளந்து சாப்பாடு. மத்த நேரம் சாப்பாட்டைப் பூட்டி வைக்கணும். அடுப்படி, அரிசிப் பானை, எல்லாத்தையும். உங்களுக்கு என்ன தொழில்?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “கடலை மிட்டாய்” என்று நான்தான் சொன்னேன்.

*

திரும்புகிற ரயில் சாத்தூர் தாண்டியதும் அண்ணாச்சி வெடித்தார். “பூட்டா? எம்பிள்ள வாய்க்கா? ஊரு உலகத்துக்கே மிட்டாய் போட்டுக்கிட்டு, பெத்த பிள்ளைக்குப் பூட்டுப் போடவா? இந்தப் பாவம் எந்தக் குளத்துல முங்குனா போகும்?”

மறுநாள் மதினி கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தார்.

அதிலிருந்து அந்த வீட்டில் சண்டைதான். செல்வி கதவை அறைந்து கத்துவாள். சத்தம் தெருவுக்கே கேட்கும். தெரு சும்மா இருக்குமா? “பிள்ளையைப் பட்டினி போடுதா. மனசாட்சி இருக்கா அவளுக்கு?” காம்பவுண்டுச் சுவருக்கு மேலே இட்லி வந்தது. ஜன்னல் கம்பி வழியாக அதிரசம் வந்தது. அத்தனையும் நல்ல மனதோடுதான் வந்தது. பட்டினி போட்டு ஒரு குழந்தையைக் கொன்றால் போலீஸ் வரும். பாசத்தால் ஊட்டிக் கொன்றால்? தெருவே வந்து கண்ணீர் விட்டுவிட்டு, பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சாப்பிட வரும்.

அண்ணாச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. மதினி குளிக்கப் போகிற நேரம் பார்த்து, “ஒரே ஒரு கட்டி… அம்மாட்ட சொல்லாத, என்னா?” முதல் கட்டி வழக்கத்தை அவர் விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, கொப்பரைக்கும் தராசுக்கும் சந்தனம் வைத்து, பொரி, கடலை, சுண்டல், மிட்டாய் எல்லாம் மலையாகக் குவித்திருந்தார்கள். பூஜை முடிந்து எல்லோரும் முன்பக்கம் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி பட்டறைக் கதவை வெறுமனே சாத்தியிருந்தார். நல்ல நாள், பூட்ட மனசு வரவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

செல்வியைக் காணோம் என்று தேடிப் போனபோது பட்டறையில் பொரிச் சாக்குக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். வயிறு பானை மாதிரி கல்லாக இருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. வாந்தி எடுக்க முடியவில்லை. அந்த நிலையிலும் கை சாக்குக்குள் இருந்தது.

அண்ணாச்சி அவளைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்று, போகிற காரை மறித்தார். பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி. மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. வராந்தாவில் அண்ணாச்சி தன் ரெண்டு கையையும் முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது. “இந்தக் கைதான் தம்பி. எம்பிள்ளைக்கு விஷம் வச்சது இந்தக் கைதான்.”

மதினி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செல்வி பிழைத்தாள்.

வீடு திரும்பிய வாரமே அண்ணாச்சி பட்டறையை எட்டயபுரம் ரோட்டில் ஒரு கொட்டகைக்கு மாற்றினார். அங்கேயே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டார். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கேயே தலையோடு குளிப்பார். வேறு வேட்டி, வேறு சட்டை. பாகு வாசனை இருந்தால் பிள்ளை அவர் சட்டைப்பையைத் தேடுமாம். ஊரெல்லாம் மணக்கிற மிட்டாய் போடுகிற மனிதர், சொந்த வீட்டுக்குள் வாசனையே இல்லாமல் நுழைந்தார். முதல் கட்டி பழையபடி பிள்ளையாருக்கே போனது.

கொஞ்ச நாளில் எனக்கு மாற்றல். அத்தோடு நான் கோவில்பட்டியை விட்டுவிட்டேன்.

*

பந்திக்கு வருவோம். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் மதினி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“நம்ம மாடித் தம்பிலா? எப்படி இருக்கீய?”

செல்வி என் சட்டைப்பையை உற்றுப் பார்த்தாள். காலிதான். நல்லவேளை, தாம்பூலப் பையை முன்யோசனையாக ஜன்னலில் விட்டிருந்தேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம். கொஞ்சம் எழுத்துக் கூட்டி வாசிப்பாளாம். குண்டுதான், ஆனால் ஓடுகிறாள். அண்ணாச்சி ஓரமாக நின்று எல்லோரையும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வளையல் அம்மாவும் கை கழுவ வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. “மதினி, அந்தம்மா கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம்லா? பிள்ளைகூட பசி தாங்காம சாவியை இழுத்துச்சே…”

மதினி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பசிக்கு இழுக்கலை தம்பி. மொதல்லதான் கதவைப் போட்டு அடிப்பா. பெறகு எனக்கே புரிஞ்சுது. பூட்டு திறந்து கிடந்தா அவளுக்கு நிம்மதி இல்லை. இருக்குமோ, கிடைக்குமோ, எடுத்துருவோமோன்னு கிடந்து தவிச்சுப் போறா. பூட்டிட்டா, இல்லைன்னு ஆயிருதுலா? போய் விளையாடுதா. இப்பல்லாம் எங்க போனாலும் சாவி என் இடுப்புல இருக்கணும் அவளுக்கு. ஆசை ரொம்ப வந்துட்டா இழுத்துப் பார்த்துக்கிடுவா.”

வளையல் அம்மா குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

மண்டப வாசலில் அடுத்த பந்திக்கு லட்டு வாளி போனது. செல்வி நின்றாள். பார்த்தாள். கை தானாக அம்மா இடுப்புக்குப் போனது.

“பூட்டியாச்சாம்மா?”

“பூட்டியாச்சுட்டி.”

செல்வி அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

அத்தனை பெரிய பந்தியில், ‘போதும்’ என்று சொல்லத் தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்தோம்… கடைசியில் அதைச் சொன்னது அவள் ஒருத்திதான்.